தொகைநூலும் நம் சித்தூரும்

‘தொகை’ என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே இக்காலத்தில் நம்மவர்க்கு நினைவில் எழுவது பணமேயாகும். வட்டித் தொகை, வைப்புத் தொகை, நிலுவைத் தொகை என்று வாய் நிறையச் சொல்லுகின்றோம். மக்கள் தொகை என்னுமிடத்து மட்டும் அச்சொல் பணத்தை விட்டுத் தலைகளை எண்ணப் போய்விடுகின்றது. பாட்டோடும் நூலோடும் அதற்கு இருந்த பழைய உறவோ, பள்ளிப் பாடத்தில் ‘எட்டுத்தொகை நூல்கள் யாவை?’ என்னும் ஒரு வினாவாகச் சுருங்கி நிற்கின்றது. நம் சங்கத்து இளைஞர் சிலர் அண்மையில் எம்மிடம், “கம்பெண்டியம் என்கிறார்களே, அஃது என்ன? அதனை எழுதுவது எப்படி?” என்று வினவினர். அச்சொல்லுக்கு நேரான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே நாம் வெளியில் தேடுகின்றோம் என்பதை எடுத்துக் காட்டவே இக்கட்டுரை எழலாயிற்று.

கம்பெண்டியம் என்பது இலத்தீன் மொழிச் சொல். சேர்த்து நிறுத்துப் பார்த்தல் என்னும் பொருளுடைய வினையினின்றும் பிறந்து, மிச்சம் பிடித்தல், குறுக்கு வழி என்னும் பொருள்களையும் பெற்றது. நம் வீட்டுப் பெண்டிர் ‘செட்டு’ என்பார்களே, ஏறக்குறைய அதுவே. அரிசியையும் பருப்பையும் செட்டாகச் செலவிடும் இல்லத்தரசி வீட்டில் ஒருவரையும் பட்டினி போடுவதில்லை. வீணாவதை மட்டும் விலக்குகின்றாள். ஒரு பொருளைப் பற்றிப் பல இடங்களிற் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒன்று கூட்டி, சாரம் குறையாமல், இடமும் காலமும் மிச்சமாகுமாறு அடக்கி வைப்பதே தொகைநூலாகும். ஒரே நூலைக் குறுக்கினால் அது சுருக்கம். பிறர் பாடியவற்றை அவ்வாறே எடுத்துக் கோத்தால் திரட்டு. உலகத்துப் பொருள் அனைத்தையும் கொட்டி வைக்க முயன்றால் களஞ்சியம். இவற்றிடையே சுவர் ஒன்றும் இல்லை; வேலிதான் உண்டு, அதுவும் ஆங்காங்கே ஆடு புகுந்த வேலி. பெயரைப் பற்றி வழக்காடுவதில் எமக்கு விருப்பமில்லை.

உண்மையில் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொகைநூல் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. பஞ்சாங்கத்தைத்தான் சொல்லுகின்றோம். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புக்களை ஆண்டு முழுமைக்கும் சிறு எழுத்தில் அடக்கித் தரும் நூல் அது. அதனை ஒருவரும் முதலிலிருந்து இறுதி வரை படிப்பதில்லை. வேண்டும்போது எடுத்து, வேண்டிய இடத்தைத் திறந்து, வேண்டியதைக் கண்டு மூடி வைக்கின்றோம். தொகைநூலின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது என்று சொன்னாலும் தவறில்லை. எழுதப் புகுவோன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, ‘இந்நூலை யார், எந்த அவசரத்தில், எந்த நாழிகையில் திறப்பார்?’ என்பது. அவ்வினாவுக்கு விடை காணாது எழுதத் தொடங்கினவர் நூல் அலமாரிக்கு அணியாகுமேயன்றிக் கைக்கு உதவாது.

பண்டைத் தமிழாசிரியர் இத்துறையை நன்கு ஆராய்ந்தவர்கள். ஒரு முதல்நூலிலிருந்து பிறக்கும் வழிநூலைத் தொல்காப்பியர் மரபியலில் நான்கு வகைப்படுத்துகின்றார்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் பாரதத்தைப் பார்த்தால் போதும். வடமொழிப் பாரதம் ஓர் இலட்சம் சுலோகங்களை உடையது என்பது வழக்கு. வில்லிபுத்தூரார் அதனை நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் செய்யுட்களில் தொகுத்துப் பாடினார். பிற்காலத்தில் நல்லாப்பிள்ளை அது போதாதென்று கருதி ஏறக்குறைய 14,000 செய்யுட்களாக விரித்தார். தமிழ்நாட்டார் கையில் நின்று நிலைத்தது தொகுத்தவர் பாட்டேயன்றி விரித்தவர் பாட்டன்று. இது எம் தீர்ப்பன்று. புத்தகக் கடைகளின் தீர்ப்பு.

எம் ஊர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. துஞ்சத்து எழுத்தச்சனார் தம் இறுதிக் காலத்தைச் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் கழித்தார் என்பது அங்கு வழிவழி வந்த செய்தி. அவர் பெயரால் விளங்கும் குருமடம் இன்றும் தெற்குக் கிராமத்தில் உள்ளது. மலையாள மொழியில் பாரதத்தைக் கிளிப்பாட்டாகச் சுருக்கிப் பாடியவர் அவர். எதனை விடுவது, எதனை விடக்கூடாது என்பதில் அவர்க்கு இருந்த துணிவைக் கண்டு யாம் வியந்ததுண்டு. கதையின் கிளைகள் பலவற்றை வெட்டி நடந்தவர், போர்க்களத்துத் தாய்மாரின் புலம்பலுக்கு வந்தபோது கால் தாழ்த்து நிற்கின்றார். சுருக்குதல் என்பது எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கத்தரிப்பதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

இனி எட்டுத்தொகைக்கு வருவோம். சங்கப் பாட்டுக்களைப் பாடியவரைப் போற்றுகின்றோம். அவற்றைத் தொகுத்தவரை மறந்துவிடுகின்றோம். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன். சேர நாட்டு மன்னன் ஒருவன் செலவு செய்து ஐந்நூறு பாட்டைக் கோப்பித்தான் என்னும் செய்தி, இன்று கேரள மாநிலத்தில் வாழும் தமிழராகிய எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி தருவது.

அவர்கள் கைக்கொண்ட முறையைப் பாருங்கள். அகப்பாட்டுக்களை அடியளவால் பிரித்தார்கள். மூன்றடி முதல் ஆறடி வரை ஐங்குறுநூறு. நான்கு முதல் எட்டு வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. அகநானூற்றிலோ எண்ணையே திணைக்கு அடையாளமாக்கினார்கள். ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இவ்வாறே நானூறு முடிய. முந்நூற்றுப் பதினாறாம் பாட்டு எத்திணை என்று ஒருவர் கேட்டால், ஏட்டைப் புரட்டாமலே மருதம் என்று சொல்லிவிடலாம். அச்சும் பக்க எண்ணும் இல்லாத காலத்தில், நூலின் உள்ளேயே அட்டவணையைப் பின்னி வைத்த அவ்வறிவை என்னென்பது! இன்று கணிப்பொறியை முன்னே வைத்துக்கொண்டு, தொகுத்த கோப்பு எங்கே போயிற்று என்று தேடும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தொகுப்பவன் கையில் உள்ள பொறுப்பு எத்தகையது என்பதைப் புறத்திரட்டு என்னும் நூல் காட்டுகின்றது. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. தம் காலத்து வழங்கிய நூல்களிலிருந்து ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட செய்யுட்களைத் தெரிந்து, திருக்குறளின் போக்கைப் பின்பற்றி அதிகாரங்களாக அடுக்கி வைத்தார் அப்பெரியார். பிற்காலத்தில் அம்மூல நூல்களுட் பல செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாகி மறைந்தன. மூவேந்தரையும் பாடிய முத்தொள்ளாயிரத்தில் இன்று நமக்குக் கிடைப்பன நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே; அவையும் இத்திரட்டில் இடம் பெற்றமையால் பிழைத்தன. தகடூர் யாத்திரை என்றொரு நூல் இருந்ததற்கு இன்று கையில் உள்ள செய்யுட்களும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவையே. அவர் எடுத்தது வாழ்ந்தது, எடுக்காதது மாண்டது. எழுதும்போது அவர் இதனை நினைத்திருக்க மாட்டார். நல்ல பாட்டு, அதிகாரத்துக்குப் பொருந்துகிறது, எழுதி வைப்போம் என்றுதான் நினைத்திருப்பார்.

மேல்நாட்டிலும் இதற்கு இணையான கதை உண்டு. கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட ஜஸ்டினியன் பேரரசன் உரோமச் சட்ட அறிஞர்களின் நூல்களையெல்லாம் தொகுக்குமாறு திரிபோனியன் என்பான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தான். ஏறக்குறைய 2,000 ஏடுகள், முப்பது இலட்சம் வரிகள். அவற்றை ஒன்றரை இலட்சம் வரிகளாகக் குறைத்து 533-ஆம் ஆண்டில் ஐம்பது பகுதிகளாக வெளியிட்டார்கள் என்பது அவர்களே எழுதி வைத்த கணக்கு. இருபதில் ஒரு பங்கு! அதன் பின்னர் மூல நூல்களைப் படி எடுப்பார் அருகினர், பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. தொகைநூல் நன்றாக அமைந்துவிட்டால் அதுவே மூலத்துக்கு எமனாவதும் உண்டு. ஆதலின் ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை எழுதி வைத்தல் இன்றியமையாதது. ஜஸ்டினியனின் குழுவினர் ஒவ்வொரு பகுதிக்கும் ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் குறித்து வைத்தனர். அச்செயலால்தான் மறைந்த அறிஞர் பலரின் பெயர்களேனும் இன்று தெரிகின்றன.

அண்மைக் காலத்துத் தமிழர் இருவரை இங்கே நினையாமல் மேலே செல்ல எமக்கு மனமில்லை. ஒருவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னைப் பச்சையப்பன் கல்விச்சாலையில் தமிழாசிரியராக இருந்தவர். புராணம், இலக்கியம், சமயம், மருத்துவம் என்று கைக்குக் கிடைத்த துறையெல்லாம் தேடி, தனியொருவராக இருந்து அபிதான சிந்தாமணியைத் தொகுத்தார். அச்சேற்றப் பொருளுதவி வேண்டிச் செல்வர் பலரை அடுத்துப் பயன் காணாதிருந்த நிலையில், மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கை கொடுக்க, அந்நூல் 1910-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தோடு அவர் ஓய்ந்தாரில்லை. வாழ்நாள் முடியத் திருத்தியும் கூட்டியும் வந்தார். 1931-இல் அவர் மறைந்தார். விரிவான இரண்டாம் பதிப்பு 1934-இல் வந்தது. அந்நூலில் புராணச் செய்தியும் வரலாற்றுச் செய்தியும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பது இன்றைய ஆராய்ச்சியாளர்க்குக் குறையாகத் தோன்றலாம். எனினும் ஒரு பெயரைச் சொன்னால் அதைப் பற்றி நம் முன்னோர் என்ன கருதினர் என்று உடனே சொல்லும் நூல் அதுபோல் வேறொன்று தமிழில் இல்லை.

மற்றொருவர் பெ. தூரன். கொங்கு நாட்டவர், ஆதலின் எமக்கு அண்டை வீட்டுக்காரர் போன்றவர். தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1946-இல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் வெளியிட முடிவு செய்தபோது, தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்பு இவர் தோளில் ஏறியது. முதல் தொகுதி 1954. ஒன்பதாம் தொகுதி 1963. இணைப்பாகிய பத்தாம் தொகுதி 1968. முதலியார் தனியொருவராகத் தொகுத்தார். தூரன் அறிஞர் கூட்டத்தையே வேலை வாங்கினார். ஒவ்வோர் அறிஞரும் தத்தம் துறையே உலகம் என்று நீட்டி எழுதி அனுப்புவர். அவற்றையெல்லாம் ஒரு நடைக்கும் ஓர் அளவுக்கும் கொண்டு வருதல் எத்துணைத் துன்பம் என்பது, ஆண்டு மலர் ஒன்றையேனும் பதிப்பித்த நம் சங்கச் செயலாளர்களுக்கு விளங்கும். அவர் கீர்த்தனைகளும் இயற்றியவர். அத்துன்பத்திடையே பாட்டுக்கு எவ்வாறு நேரம் கண்டாரோ!

இவ்வளவும் பெரியோர் செயல். நம்மைப் போன்ற எளிய குடும்பத்தார்க்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை உண்டு, அஃது எம் ஊரில் வந்து நிற்கின்றது.

முதலில், சித்தூர் என்றால் எந்தச் சித்தூர்? ஆந்திர மாநிலத்தில் ஒரு மாவட்டமே அப்பெயரோடு விளங்குகின்றது. திருத்தணி 1960-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுடன் சேரும் வரை அந்தச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. யாம் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். வெளியூரில் ‘சித்தூர்’ என்று சொன்ன உடனே, “தெலுங்கு பேசுவீர்களா?” என்று கேட்பவர்க்கு விடை சொல்லிச் சொல்லி எம்மவர் நா தேய்ந்து போயிற்று. தொகைநூலின் தலைச்சொல்லுக்கு அடுத்து வர வேண்டியது புகழுரையன்று. இது எது, எங்குள்ளது, மற்றதினின்றும் எவ்வாறு வேறு என்பதே.

அடுத்தது ஆட்சி. பாலக்காடு ஆங்கிலேயர் ஆண்ட மலபாரைச் சேர்ந்திருக்க, சித்தூரோ கொச்சி அரசுக்கு உரியதாய்த் தனித்துக் கிடந்தது. 1949 சூலை முதல் நாளில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் முதல் நாளில் கேரளம் பிறந்தது. 1957 தொடக்கத்தில் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோது சித்தூர் அதன் பகுதியாயிற்று. வீடு அசையவில்லை, கிணறு அசையவில்லை. எட்டாண்டுக்குள் எம் முன்னோர் மூன்று அரசைக் கண்டனர். அவர்கள் பெட்டியில் உள்ள பழைய பத்திரத்தை இன்று பேரன் எடுத்தால், மொழி ஒன்று, முத்திரை ஒன்று, ஆண்டோ கொல்லம் ஆண்டு. அதனைப் படிக்கும் வழியை எழுதி வைப்பது ஒரு தொகைப் பணிதானே?

கொல்லம் ஆண்டைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். சிங்க மாதம், அஃதாவது நம் ஆவணி, அவ்வாண்டின் தலை மாதம். ஆவணி முதல் திசம்பர் முடிவு வரையுள்ள நாளாயின் 824-ஐயும், சனவரிக்குப் பிற்பட்டதாயின் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எம் உறவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவர் எப்போது பிறந்தார் என்றால், “தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு அடுத்த கும்ப மாசத்துல” என்பார். கொல்லம் 1099-ஆம் ஆண்டுக் கர்க்கடகத்தில், அதாவது 1924 சூலையில் வந்தது அப்பெருவெள்ளம். மூணாற்றுக்கு ஓடிய சிறு இரயில் பாதையையே அழித்துச் சென்றது. அடுத்த கும்பம் 1100-ஆம் ஆண்டினது. 825 கூட்ட, 1925 பிப்ரவரி மார்ச்சு ஆகின்றது. பிறப்புச் சான்று இல்லாத கிழவியின் அகவையை இவ்வாறு கணக்கிட்டுச் சொன்னபோது, அவர் பேத்தி அவ்வளவு நாளும் பாட்டி ஏதோ கதை சொல்லுகிறார் என்றே இருந்தேன் என்றாள். தொகுப்பாளன் வாய்ச்சொல்லைத் தள்ளிவிடாமல், அதனோடு ஓர் ஆண்டைப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் உடையவனாதல் வேண்டும்.

ஆறு ஒன்று, பெயர் மூன்று. இதனைத் தொகைநூலில் எழுதும் முறையை யாம் செய்துள்ள துண்டு ஒன்றைக் கொண்டே காட்டுவோம். ‘சித்தூர்ப்புழை: ஆனைமலைப் பக்கத்திற் பிறந்து மேற்கே பாரதப்புழையிற் கலக்கும் ஆறு. கண்ணாடிப்புழை, சோகநாசினி என்பனவும் இதன் பெயர்கள். பரம்பிக்குளம் ஆளியாறு பற்றி இரு மாநிலங்களும் 1970-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீருக்கு உரிமையுடையது. காண்க: ஆளியாறு, மூலத்தறை.’ இவ்வளவே. முதல் வரைவில் ஆற்றின் அழகைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. அவற்றை நீக்கினோம், எண்ணை நீக்கவில்லை. கோடையில் நீர் வரவில்லையென்று உழவர் கூடும்போது கையில் இருக்க வேண்டியது அந்த 7.25 தான். சோகநாசினி என்று தேடி வருவோனுக்கு அவ்விடத்தில், ‘காண்க: சித்தூர்ப்புழை’ என்னும் ஒரு வரி காத்திருக்க வேண்டும். தொகைநூலில் ‘காண்க’ என்னும் சொல்லுக்கு நிகரான விருந்தோம்பல் வேறில்லை.

கொங்கன் படை என்னும் தலைப்பில்தான் யாம் பல நாள் திகைத்து நின்றோம். மாசி மாதத்தில் சித்தூர்ப் பகவதி கோயிலில் நிகழும் பெருவிழா அது. கொங்கு நாட்டு மன்னன் ஒருவன் சித்தூர்மேற் படையெடுத்து வந்தான் என்றும், பகவதியின் அருளால் அவன் தோற்றான் என்றும் வழங்கும் கதையை அவ்விழாவில் நடித்துக் காட்டுவர். எம் குடும்பமோ கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தது. கிழக்கே கொங்கிலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறியது. ஆக, ஆண்டுதோறும் எம் பாட்டன் நாட்டு அரசன் தோற்பதைக் காண யாமே கட்டுச்சோற்றோடு போய், முன் வரிசையில் அமர்ந்து, தோற்றவுடன் மகிழ்ந்து திரும்புவோம்! இதனை எவ்வாறு எழுதுவது? கதையை வரலாறு என்று எழுதினால் சான்று வேண்டும். கட்டுக்கதை என்று தள்ளினால் ஊரார் மனம் புண்படும். அதனினும், உண்மையில் நடக்கும் விழா ஒன்றை மறைத்ததாகும். ‘விழா: நடப்பது இது. வழங்கும் கதை: இது’ என்று இரண்டாகப் பிரித்து எழுதியதும் சிக்கல் தீர்ந்தது. எமக்குள் ஒருவர், “நம்மவன் தோற்றதை நாமே எழுதி வைப்பதா?” என்று இன்னமும் முணுமுணுத்துக் கொண்டிருக்கின்றார். எழுதத்தான் வேண்டும் என்பது எம் துணிபு.

சொற்களுக்கு வருவோம். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி, பாலக்காட்டின் பிற பகுதிகளைப் போல மழை மிகுந்ததன்று. எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்னும் ஊர்களின் பக்கத்தில் கரிசல் மண்ணும் கிணற்றுப் பாசனமும் உண்டு. வேலந்தாவளத்தில் உள்ள ‘தாவளம்’ என்பது வழிப்போக்கர் தங்குமிடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மின்சார எந்திரம் வருமுன் இக்கிணறுகளில் ‘கவலை’ பூட்டி மாடுகளால் நீர் இறைத்தனர். கவலை என்றால் மனத்துயரம் என்றே இக்காலத்துப் பிள்ளைகள் அறிவர். எம் சங்கத்து மாணவி ஒருத்தி, ‘பாட்டனார் நாள்தோறும் கவலை ஓட்டினார்’ என்னும் தொடரைப் படித்து, பாட்டனார் கவலையைத் துரத்தி மகிழ்ச்சியாக வாழ்ந்தார் என்று பொருள் எழுதி வைத்தாள். பொருள் ஒரு வகையில் அழகாகத்தான் இருக்கின்றது!

இச்சொற்களைத் தொகுப்பதற்காகத் தொண்ணூறு அகவை கடந்த முதியவர் ஒருவரிடம் சென்றோம். சால், வடம், வால்கயிறு, உருளை, நுகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். “அப்பாரு, தும்பின்னா என்னுங்க?” என்று கேட்டோம். “சாலுக்குக் கீழ தும்பிக்கையாட்டத் தொங்குற தோலுங்க தம்பி. சால் மேல வந்ததும் வால்கயிறு அத வாய்க்காப் பக்கம் இழுக்கும், தண்ணி தானாக் கொட்டும்” என்றார். எழுதிக்கொண்டு படித்துக் காட்டினோம். எல்லாம் கேட்டபின், “ஏனுங் தம்பி, இதப் படிச்சுப்போட்டு ஒருத்தன் ஒரு கவலை பூட்டிப்போடுவானுங்களா?” என்று வினவினார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. மறுமுறை சென்றபோது படம் வரையத் தெரிந்த பிள்ளை ஒருவனை உடன் அழைத்துச் சென்றோம். கயிறுகள் இரண்டும் எந்த உருளையின்மீது செல்லும், சரிவின் நீளம் கிணற்றின் ஆழத்துக்கு எவ்வாறு ஒத்திருக்க வேண்டும் என்பனவற்றைக் கிழவர் தரையில் குச்சியால் கீறிக் காட்ட, அவன் தாளில் வரைந்தான். அப்படத்தோடு கூடிய ஒரு பக்கம், படமில்லாத பத்துப் பக்கங்களின் இடத்தை மிச்சப்படுத்திற்று. முன்னே சொன்ன செட்டு இதுவே.

நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் முன் நிற்கின்றன. தொகுப்பாளனுக்கு இரண்டும் எப்போதும் இரு பக்கத்தும் பள்ளங்கள். எமக்கு மிகுதியும் அச்சம் தருவது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமே. இக்கட்டுரையிலும் அது எட்டிப் பார்க்கின்றது என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும்.

உரிமை பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாவிடில் இம்முயற்சியின் அவசரம் விளங்காது. 1969-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்துத் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்கு ஒரு வாய்ப்பைத் தருகின்றது. தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், தாம் வாழும் சிறுபான்மைப் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அவர்கள் தம் மொழியிலேயே எழுதலாம். விடையும் அம்மொழியிலேயே பெறலாம். எம் பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர், கணவரை இழந்தபின் ஓர் உதவித் தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தார். மலையாளத்தில் எழுதித் தருவதற்கு ஒருவர்க்குக் கூலி, எழுதியதில் பெயர் பிழையென்று மறுபடியும் கூலி. தமிழில் எழுதிக் கொடுக்கலாம் என்று அவர்க்கு ஒருவரும் சொல்லவில்லை. சட்டம் இருந்தது, செய்தி இல்லை. அரைப் பக்கத்தில் அடங்கும் இச்செய்தி, விண்ணப்பத்தின் மாதிரியோடு ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருப்பின் அவ்வம்மையார்க்கு நான்கு நாள் கூலி வேலை கெட்டிருக்காது. எம் தொகையில் கொங்கன் படைக்கு எவ்வளவு இடமோ அதனினும் இரு மடங்கு இடத்தை இதற்கு ஒதுக்கியுள்ளோம்.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கங்களில் உள்ள அன்பர்கள் தமக்கெனத் தனித் தொகை செய்துகொள்வதே நன்று. இடுக்கி 1972-இல் மாவட்டமாயிற்று. அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழோ அதற்கு மிக முற்பட்டது. லயம், பெரட்டுக் களம், கங்காணி, கொழுந்து என்னும் சொற்களுக்குப் பின்னே உள்ள வாழ்க்கை எமக்குக் கேள்வியால் மட்டுமே தெரியும். கேட்டதைக் கொண்டு எழுதுவது முறையன்று. தொகுப்பாளனுக்கு எல்லை வேண்டும். சித்தூர் வட்டம், அதிலும் தமிழ் பேசும் குடும்பங்கள், அவர்தம் ஊர், நீர், தொழில், விழா, உறவுப் பெயர், உரிமை என்று எம் எல்லையை முதல் தாளிலேயே எழுதி ஒட்டி வைத்தோம். பிளாச்சிமடை எல்லைக்குள் வரும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கி 2004-இல் நின்றுபோன குளிர்பான ஆலையும், கிணற்று நீருக்காக முன்னின்ற மயிலம்மாவும் இடம் பெறுவர். திருச்சூர்ப் பூரம் எவ்வளவு சிறப்புடையதாயினும் வராது.

செய்யும் முறையைக் கேட்போர்க்குச் சில சொற்கள். அஞ்சலட்டை அளவில் தாளை வெட்டிக்கொள்க. ஒரு துண்டில் ஒரு செய்தி; இரண்டு எழுதினால் அடுக்கும்போது அழவேண்டி வரும். துண்டின் மேலே தலைச்சொல். கீழே, சொன்னவர் யார், அல்லது எந்த ஏடு, எந்த நாள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வது மிக நன்று. ஆயினும் பதிவு செய்தவர் அதனை எழுத்தில் பெயர்க்கும் வரை அது தொகையாகாது, குவியலேயாகும். இருவர் இருவகையாகச் சொன்னால் இரண்டையும் எழுதுக. நடுவராக அமர்ந்து ஒன்றை அழிக்க வேண்டாம். அகர வரிசையில் அடுக்குவதா, பொருள் வரிசையில் அடுக்குவதா என்பது பெரிய வழக்கு. பொருள் வரிசையில் அடுக்கி, கடைசியில் அகர வரிசை அட்டவணை சேர்ப்பதே குடும்பங்களுக்கு ஏற்றது என்பது எம் கருத்து. விதை நெல்லைப் பற்றித் தேடுவோன் உழவு முழுவதையும் ஒருங்கே காண்பான். எழுதிய நாளையும் முகப்பில் குறிக்க மறவாதீர்கள். பேருந்து நேரமும் அலுவலக முகவரியும் மாறிக்கொண்டே இருப்பவை.

எம் பிள்ளைகளுட் பாதிப்பேர் இன்று கோவையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ளனர். அவர்களுக்கு அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மிச்சி என்னும் நான்கு பெயர்களும் ‘தாத்தா, பாட்டி’ என்னும் இரண்டாகக் குறைந்துவிட்டன. தந்தை வழி எது, தாய் வழி எது என்பது பெயரிலேயே தெரிந்த காலம் போயிற்று. சென்ற விடுமுறைக்கு வந்த சிறுவன் ஒருவன் உறவுப் பெயர்த் துண்டுகளை மேசைமேற் பரப்பி, தன் வீட்டாரின் ஒளிப்படங்களை ஒவ்வொன்றின்மேலும் வைத்து விளையாடினான். அப்புச்சி என்னும் துண்டின்மேல் வைக்கப் படம் இல்லை. தாயிடம் கேட்டான், அவர் தம் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினார். மூன்றாம் நாள் பழைய படம் ஒன்று வந்து சேர்ந்தது, பின்புறத்தில் ‘1126 மேடம்’ என்னும் எழுத்தோடு. அவன் 825 கூட்டி, 1951 என்று தானே எழுதிக்கொண்டான்.

இதுகாறும் நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்துள்ளன. நீர், விழா என்னும் இரு பகுதிகள் முடிந்தன. உறவுப் பெயரும் உரிமையும் அடுத்த திங்களில் முடியும். உழவுப் பகுதியில் கடலைச் சாகுபடி பற்றிய சொற்கள் மிகக் குறைவு. அவற்றை அறிந்த பெரியோர் வடகரப்பதிப் பக்கத்தில் இருவர் உளர் என்று கேள்வி. அறுவடைக்கு முன் அவர்களைக் காண வேண்டும்.